தேசிக்காய் போட்டுத் துலக்கிய துவக்கு

உன் தங்கையின் மகள் இன்று காலை ஒஷாவாவிலிருந்து வந்து குசினி மேசையில் ஒரு மரப்பெட்டியை வைத்துவிட்டுப் போனாள். "அங்கிள், மாமா உங்கட பேரை எழுதி ஒட்டி வைச்சிருந்தவர். இவ்வளவு பழசுக்கு லைசென்ஸ் ஒண்டும் தேவையில்லை, டோன்ற் வொறி" என்றாள். மூடியைத் திறந்ததும் அந்த எண்ணெய் மணம் வந்தது. எங்கள் வீட்டுக்குக் கீழே நீ குடியிருந்த பேஸ்மென்ற் ஆறு வருடம் மணந்த மணம். எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. செத்து மூன்று கிழமையான மனிதன்மேல் கோபப்படலாமா என்று தெரியாது. வந்துவிட்டது, எழுதுகிறேன்.

நீ அதை முதன்முதல் கொண்டுவந்த சனிக்கிழமை நினைவிருக்கிறதா? பழஞ்சாமான் சந்தைக்குப் போகிறேன் என்று போனவன், பேப்பரில் சுற்றிய ரிவோல்வருடன் வந்து நின்றாய். சாந்தி கதவடியிலேயே மறித்தாள். "கனடாவிலயும் வீட்டுக்குள்ள துவக்கோ? அங்கை ஊரில சண்டைக்குள்ள பட்டது காணாதோ?"

"துவக்குத்தான் சாந்தி, ஆனா சுடாது. சுத்தியலைப் பின்னுக்கு இழுத்தா நிக்காது, ஸ்பிரிங் செத்துப்போச்சு" என்றாய். என் மனைவி உன்னை நம்பினாள். நான் சொன்னால் நம்பியிருக்க மாட்டாள்.

மாடு மேய்க்கிற அமெரிக்கர்கள் இடுப்பில் தொங்கவிட்டுத் திரிந்த, ஆறு குண்டு போடுகிற சாமான். நீல மெருகெல்லாம் போய்ப் பழுப்பும் சாம்பலுமாக இருந்தது. குண்டு போடும் உருளை கையில் எடுத்தாலே ஆடியது. மரப்பிடியின் ஒரு பக்கம் உள்ளங்கை பட்டுப் பட்டு வழுவழுத்து, அடிமூலையில் ஒரு சில்லு உடைந்திருந்தது. "உந்தப் பழசையோ வாங்கினாய்? ஒரு நல்லதைப் பார்த்து வாங்கியிருக்கலாமே" என்றேன். நீ என்னை மேசை விளக்கடிக்கு இழுத்துக்கொண்டு போனாய்.

"குழல் நுனியைப் பார் மச்சான். தோல் உறைக்குள்ள போய்ப் போய் வந்து வெளிறிக் கிடக்கு. மற்ற இடமெல்லாம் பழுப்பு. இப்ப உள்ளுக்குப் பார், குண்டு உரசிப் போற வரி இன்னும் கூரா நிக்குது. அப்ப என்ன? இவன் கன தரம் உருவியிருக்கிறான், கொஞ்சத் தரம்தான் சுட்டிருக்கிறான்."

பிறகு மெதுவாகச் சொன்னாய், "நாங்கள் கண்டதெல்லாம் மற்ற மாதிரி."

உன் தம்பியை ஊரில் வீட்டுப் படலையடியில் வைத்துச் சுட்டவர்கள் மிரட்டவில்லை, ஒரு கேள்வி கேட்கவில்லை. அதை நீ எனக்கு ஒரேயொரு தரம்தான் சொல்லியிருக்கிறாய். அன்றைக்கு அந்த விளக்கின் கீழே, ஒரு பழைய இரும்புக்குப் பின்னால் நீ ஏன் இப்படி அலைந்தாய் என்று எனக்கு விளங்கத்தான் செய்தது. விளங்கியும் பிறகு அப்படிச் செய்தேன், அதுதான் என்னைத் தின்கிறது.

ஒஷாவா ஃபாக்டரியிலிருந்து வந்ததும் தேத்தண்ணியுடன் அதற்கு முன்னால் போய் இருந்துவிடுவாய். துணியில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு ஒற்றுவாய். மரமும் இரும்பும் சேருகிற இடுக்கில் தூசி இருந்தால் பல்லுக்குத்தும் குச்சியால் எடுப்பாய். "தேய்க்கக் கூடாது, ஈரத்தை மட்டும் எடுக்கவேணும்" என்பாய். கலியாணம் கட்டியிருந்தால் பெண்சாதியை இப்படிப் பார்த்திருப்பானா என்று சாந்தி சிரிப்பாள்.

அந்த விசயதசமி வந்தது. நான் பிளம்பர், எனக்கு ஆயுத பூசை என்றால் சும்மாவா? குறடுகள், பைப் ரெஞ்ச், ட்ரில், வேலைக்கு ஓடுகிற வானின் திறப்புக் கோர்வை, சாந்தியின் தையல் மெசின், எல்லாவற்றையும் கழுவித் துடைத்து சரஸ்வதி படத்துக்கு முன்னால் அடுக்கினேன். வீட்டில் அசல் ஆயுதம் ஒன்று இருக்க ட்ரில்லுக்குப் பொட்டு வைப்பதா என்று எனக்குப் பட்டது. நீ வேலைக்குப் போயிருந்தாய். கீழே இறங்கிப் பெட்டியைத் திறந்தேன்.

குத்துவிளக்கு துலக்கிய புளி மிச்சம் இருந்தது. போதாததற்குப் பிழிந்த தேசிக்காய்ப் புளி, அதற்கு மேல் சட்டி தேய்க்கிற கம்பித் தும்பு. ஒரு மணித்தியாலம் முக்கி முக்கித் தேய்த்தேன். உனக்குச் சந்தோசமாக இருக்கும் என்றுதான் தேய்த்தேன், அதையும் எழுதிவிடுகிறேன். புதுச் சில்வர்ச் சட்டியாக மின்னியது. சந்தனம் பூசி, குங்குமம் வைத்து, நடுவில் வைத்தேன்.

நீ வேலைச் சட்டையோடு வந்து நின்றாய். எடுத்துக் குழல் நுனியைப் பார்த்தாய். எல்லா இடமும் ஒரே வெள்ளை. எது உறை தேய்த்தது, எது நான் தேய்த்தது என்று இனி யாராலும் சொல்ல முடியாது.

"ஊத்தை எண்டு நினைச்சியோ? அவன் உருவியும் சுடாமல் திரிஞ்சதுக்கு இருந்த ஒரே சாட்சியடா அது."

மன்னித்துக்கொள் என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். இடுப்பொடியத் தேய்த்த எனக்கு ரோசம் பொத்துக்கொண்டு வந்தது. "ஆரோ வெள்ளைக்காரன் சுடேல்லை எண்டு கொண்டாடுறாய். அதால உன்ர தம்பி எழும்பி வந்திடுவானோ?" என்று கத்தினேன். படைத்த அவலும் கடலையும் அப்படியே இருந்தன. சாந்தி வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். நீ அதைப் பொட்டோடேயே எடுத்துக்கொண்டு கீழே இறங்கினாய். அந்தக் கிழமையே ஒஷாவாவில் அறை எடுத்துப் போய்விட்டாய்.

நாலு வருடம்! கிழக்கே கார் ஓடினால் அரை மணித்தியாலம். போன் எடுத்து நாலு தூசணத்தால் ஏசியிருக்கலாமே, நான் வாங்கியிருப்பேனே. சாந்தி எத்தனை தரம் சொன்னாள், "நீங்களே எடுங்கோவன், உங்கட வாய்தானே பிழை விட்டது" என்று. அவன்தான் கோபித்துக்கொண்டு போனவன், அவன்தான் எடுக்க வேண்டும் என்று நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு இருந்தேன். கடைசியில் உன்னைப் பார்வைக்கு வைத்த மண்டபத்தில், பின்வரிசையில், ஆரோ எவரோ மாதிரி இருந்துவிட்டு வந்தேன். நீ நெஞ்சுவலியோடு ஒரு வருடமாகத் திரிந்ததை முன்பின் தெரியாத ஒருவர் சொல்லித்தான் அறிந்தேன். இதற்கு உன்னை மன்னிக்க எனக்கு இன்னும் மனம் வரவில்லை.

இப்போது அது என் கையில் இருக்கிறது. நான் வெள்ளையாக்கிய இரும்பு திரும்ப மங்கிப் பழுப்பேறத் தொடங்கியிருக்கிறது. நாலு வருடம் உன் கை பட்டிருக்கிறது. பழைய அடையாளம் வரவில்லை, வரவும் வராது. இது உன் பழுப்பு.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு விளக்கடியில் பிடித்துப் பார்த்தேன். பிடிமரமும் இரும்பும் சேருகிற இடுக்கில் மயிரளவுக்கு ஒரு சிவப்பு. முதலில் துரு என்று நினைத்தேன். துரு இல்லை, குங்குமம். நான் வைத்த குங்குமம்.

தெரியாமல் விட்டுவிட்டேன் என்று மட்டும் சொல்லாதே. அந்த இடுக்கில் ஒரு தூசி இருக்க விடாதவன் நீ. ஒவ்வொரு நாளும் அதைப் பார்த்திருக்கிறாய், ஒவ்வொரு நாளும் அதைச் சுற்றித்தான் துடைத்திருக்கிறாய். அப்படிப்பட்டவனுக்கு ஒரு போனைத் தூக்க என்னடா கேடு? சொல்லு. எனக்குத்தான் என்ன கேடு?

உன் தம்பியைப் பற்றி நான் சொன்னது பிழை. பெரிய பிழை. உன் நம்பர் இன்னும் என் போனில்தான் இருக்கிறது, இதைச் சொல்ல அதை அழுத்த இவ்வளவு காலம் எனக்கு விரல் வரவில்லை.

வருகிற கிழமை விசயதசமி. குறடுகளையும் ட்ரில்லையும் வழக்கம்போல் கழுவி வைப்பேன். பக்கத்தில் இதையும் வைப்பேன். தேசிக்காய் பக்கத்திலும் வராது, துணியில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு ஈரத்தை மட்டும் எடுப்பேன். மற்றதெல்லாவற்றுக்கும் பொட்டு வைப்பேன். இதற்கு வைக்க மாட்டேன், ஏற்கெனவே இருக்கிறது.