மதகடியில் புதைந்த பட்டாவும் பொலிஸ் ஜீப்பும்

அன்பு மகள் தாட்சாயினிக்கு,

அம்மாவின் முழங்கால் நோவைத் தள்ளிவிட்டால் நாங்கள் இருவரும் நலம். நீயும் மருமகனும் பிள்ளைகளும் அந்தக் குளிரிலும் நோய் நொடியில்லாமல் இருக்க அம்மனைக் கும்பிடுகிறோம். ஏதும் நடந்தால் உடனே பொலிசின் 119ஐ அழுத்துங்கோ அப்பா, இங்கே நாங்கள் சொல்லி முடிக்கமுதல் வந்து நிற்பார்கள் என்று சென்றமுறை சொன்னாய். அழுத்திப் பார்த்துவிட்டோம் பிள்ளை. உதாரணம் இல்லாமல் நான் பாடம் நடத்தியதில்லை. இதற்கும் ஒன்று கிடைத்திருக்கிறது.

பக்கத்து வளவுச் சிவலட்சுமி, கணவன் இறந்தபின் ஒரு பசுவின் பாலை விற்றுத்தான் பிள்ளைகளைப் படிப்பிக்கிறாள். அந்தப் பசுவைப் பட்டப்பகலில் இருவர் பட்டா என்கிற சின்ன லொறியில் ஏற்றிவிட்டார்கள். மழை ஈரத்தில் மதகடியில் சில்லுப் புதைந்து வாகனம் நின்றுவிட்டது. அவர்கள் கையில் கத்தி. ஊரே கூடி எட்ட நின்று பார்த்தோம். ஒருக்காப் பொலிசுக்குப் போன் அடியுங்கோ சேர் என்று சிவலட்சுமி அழுதாள். அடித்தேன். எடுத்தவர் கொழும்பில் இருந்தார். என் சிங்களம் அவருக்கு விளங்கவில்லை, அவருடையது எனக்கு விளங்கவில்லை. மலைநாட்டில் பிறந்த நம் சுடலைமுத்துவிடம் போனைக் கொடுத்தேன். அவர் நன்றாகச் சிங்களம் பேசுவார். கொழும்புக்காரர் இங்குள்ள நிலையத்துக்குத் தொடுத்துவிட்டார். இருப்பது ஒரு ஜீப், அது ஒரு பிரமுகரின் பாதுகாப்புக்குப் போய்விட்டது என்றார்கள். நியாயம்தான், ஒரு ஜீப்பை இரண்டாக வெட்ட முடியாது. வாகனம் மதகுக்கு எந்தப் பக்கம் என்று அடுத்ததாகக் கேட்டார்கள். அந்தப் பக்கம் வேறு நிலையத்தின் பகுதியாம். முன்சில்லு அங்கே, பின்சில்லு இங்கே என்று சுடலைமுத்து உள்ளதைச் சொன்னார். அப்படியானால் மாடு எந்தப் பக்கம் என்றார்களாம். கள்ளர் அதற்குள் சில்லுக்குக் கீழே கல் அடுக்கத் தொடங்கிவிட்டார்கள்.

சுடலைமுத்து பொறுமையிழந்து மறுபடி அடித்தார். இங்கே சனம் கூடி நிற்கிறது, போரில் செத்தவர்களுக்கு விளக்கேற்றப் போகிறார்கள் போல என்று மட்டும் சொன்னார். போனைச் சட்டைப் பையில் வைக்க நேரமில்லை, இரண்டு மோட்டார் சைக்கிள், பின்னாலே பிரமுகரிடம் போன ஜீப், சீருடையில்லாத ஒருவர் என்று எல்லாம் வந்துவிட்டன. முதலில் எங்களைப் படம் பிடித்தார்கள். பிறகு கள்ளரைப் பார்த்து, நீங்கள் எந்த அமைப்பு என்று கேட்டார்கள். அவர்கள் நடுங்கி, ஐயோ நாங்கள் மாடு களவெடுக்கத்தான் வந்தனாங்கள் என்று கத்தியைக் கீழே போட்டார்கள். தூரம், மொழி, எல்லை, ஜீப் எல்லாம் காரணம்தான் பிள்ளை. ஆனால் எதற்குப் பயப்படுகிறார்களோ அதற்குத்தான் ஓடி வருகிறார்கள். ஒரு விதவையின் மாடு போனால் அவர்களுக்கு என்ன பயம்.

சான்றென்று நிலையத்தில் கட்டிவைத்த பசுவை நீதவான் விடச் சொல்லிவிட்டார். வீட்டில் கறந்த முதல் பாலைச் சிவலட்சுமி சுடலைமுத்து வீட்டுக்குத்தான் கொண்டுபோனாள். கள்ளர் பிணையில் வந்துவிட்டார்கள். பொய்த் தகவல் சொன்ன சுடலைமுத்துவுக்கும் பிணைதான். ஞாயிறுதோறும் கள்ளரோடு ஒரே வரிசையில் நின்று நிலையத்தில் கையெழுத்து வைக்கிறார். அவர்களில் ஒருவன் ஆளைத் தெரியாமல், அண்ணை நீங்கள் என்ன களவெடுத்தனீங்கள் என்று கேட்டிருக்கிறான். ஒரு ஜீப்பு தம்பி என்றாராம் இவர்.

பிள்ளைகளோடு வீட்டில் தமிழில் கதை. எல்லாரும் நூறாண்டு வாழ எங்கள் ஆசி. மறக்காமல், தைக்கு வரும்போது சுடலைமுத்துவுக்கு நல்ல சட்டை ஒன்று கொண்டுவா. ஞாயிற்றுக்கிழமைகளில் போட்டுக்கொண்டு போகட்டும்.

இப்படிக்கு,
உன் அப்பா
வீரபாகு