சாம்பல் நிறக் குழாய்கள்

பெரிய காஞ்சிபுரம்,
12-7-1974

அன்புள்ள அத்தானுக்கு,

கமலாட்சி எழுதுவது. நானும் வயிற்றுப் பிள்ளையும் சுகம். ஆவணியில்தான் பிரசவம் என்கிறார் டாக்டரம்மா. அம்மா என்னைத் தறிப்பக்கமே விடுவதில்லை.

பெங்களூர் ஆய்வுக்கூடத்தில் உங்கள் புது சோடியம்-கந்தக பாட்டரி பிரமாதமாக வந்திருப்பதாகவும், திங்கட்கிழமை டெல்லி அதிகாரிகள் முன் எட்டு பாட்டரிகளையும் ஒன்றாகச் சூடேற்றி ஓட்டிக் காட்டப்போவதாகவும் எழுதியிருந்தீர்கள். சந்தோஷமாகத்தான் இருந்தேன், நேற்று வரைக்கும்.

உங்கள் உலைக்கூடத்து வேலாயுதம் லீவில் வந்திருக்கிறார் என்று தெரிந்து, நேற்று தம்பியோடு முசரவாக்கத்தில் அவர் வீட்டுக்குப் போனேன். அவருக்கு இரண்டு கையிலும் கட்டு. "ஒண்ணுமில்லமா, எண்ணெ பட்டுடுச்சு" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர் மனைவி தையல்நாயகிதான் தாங்காமல் அழுதாள். "எண்ணெயும் இல்ல, ஒண்ணும் இல்லமா. பாட்டரி வெடிச்சுடுச்சு. உங்ககிட்ட சொல்லக்கூடாதுன்னு சாரே சத்தியம் வாங்கிக்கினு அனுப்பியிருக்காரு."

சத்தியம் வாங்கிய சார் நீங்கள்தான்.

அதற்குப் பிறகு வேலாயுதமும் மறைக்கவில்லை. பாட்டரிக்குள் வைக்கும் பீங்கான் குழாய்களைச் சுடும்போது பாதியில் ஆக்சிஜன் சிலிண்டர் தீர்ந்துவிட்டதாம். அடுத்தது வரும்வரை பொறுக்க டைரக்டர் சம்மதிக்கவில்லையாம். வெள்ளையாக வரவேண்டிய குழாய்கள் சாம்பல் நிறத்தில் வந்தனவாம். அவற்றில் ஒன்றுதான் வெடித்தது. மிச்சம்தான் திங்கட்கிழமைக்கு. ‘எல்லாம் நல்ல குழாய்’ என்று நீங்களே எழுதிக் கொடுத்தீர்களாம்.

அத்தான், கல்யாணத்துக்கு முன் அந்த ஆய்வுக்கூடத்தில் ஒரே மேசையில் உங்களோடு வேலை பார்த்தவள் நான். ஆக்சிஜன் குறைந்த பீங்கான் சோடியம் அயனியோடு எலக்ட்ரானையும் உள்ளே விட்டுவிடும். சோடியம் சுவருக்குள்ளேயே உலோகமாகப் படிந்து குழாயைப் பிளக்கும். மறுபக்கம் உருகிய கந்தகம்; இரண்டும் நேராகச் சேர்ந்தால் வெடிதான். இது உங்களுக்குத் தெரியாததா?

இன்று காலை தபாலாபீஸில் ட்ரங்க் கால் போட்டேன். "காட்டலேன்னா ஸ்கீமையே மூடிடுவாங்க கமலா, நீ மனசைப் போட்டுக் குழப்பிக்காதே" என்றீர்கள். உங்களுக்குப் பின்னால் உலை இரைந்தது. இப்போதே சூடேற்றுகிறீர்களா என்று கேட்பதற்குள் லைன் அறுந்துவிட்டது. அப்புறம் மூன்று தடவை முயன்றும் கிடைக்கவில்லை.

அந்தக் குழாய்களை மறுபடி ஆக்சிஜனில் சுட்டால் தேறலாம். அதிகாரிகள் காத்திருக்கட்டும். யாராவது கேட்டால், பெண்டாட்டி விடவில்லை என்று பழியை என்மேல் போடுங்கள்.

தபாலை நம்பிச் சும்மா இருக்க முடியவில்லை. தம்பி திருஞானசம்பந்தம் தறியை அப்படியே விட்டுவிட்டு இதை எடுத்துக்கொண்டு பஸ் ஏறுகிறான். உங்கள் கையைத் தவிர வேறு யார் கையிலும் தரமாட்டான். அவனோடு கிளம்பி வந்துவிடுங்கள். கோபம் இருந்தால் கோபத்தோடே வாருங்கள். வாசலில் நின்று எத்தனை திட்டினாலும் கேட்டுக்கொள்கிறேன்.

காமாட்சியம்மன் உங்களைத் தன் கண்ணுக்குள் வைத்துக்கொள்ளட்டும்.

உங்கள்
கமலாட்சி