தனி மங்கு

ஈப்போ,
12.8.1976

அன்புள்ள அம்மாவுக்கு, தெய்வானை வணங்கி எழுதுவது. நான் சுகம். உங்கள் இருமல் எப்படி இருக்கிறது? இதை வாசித்துக் காட்டும் அஞ்சலை அக்காவுக்கும் வணக்கம்.

போன வாரம் தாதிப் பயிற்சியில் இருக்கும் எங்கள் எல்லோருக்கும் காசநோய்ச் சோதனைக்காகக் கையில் சின்ன ஊசி போட்டார்கள். மற்றவர்களுக்குக் கொசு கடித்த மாதிரிதான் இருந்தது. எனக்கு மட்டும் ஐம்பது காசு அளவுக்குச் சிவந்து தடித்துவிட்டது. பயப்படாதீர்கள், எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை. “உன் உடம்பு இந்தக் கிருமிய முன்னாலயே பார்த்திருக்குலா. அடிச்சு அடக்கி வெச்சிருக்கு. உடம்பு தளர்ந்தா அது எழுந்திரிச்சிரும்,” என்றார் மூத்த தாதி.

எங்கே பார்த்தது என்று எனக்குத் தெரியும். அப்பா இருமிக்கொண்டு கிடந்த நம் அறையில்தான். நாம் உடம்புச் சூடு என்று சொல்லி, அவருக்கென்று ஒதுக்கிய தனி மங்குக் குவளையில் தேத்தண்ணி கொடுத்தோம். அவர் உடம்பு தோற்றுப்போனது.

இப்போது நீங்களும் தனி மங்கில் குடிப்பதாக அக்கா போன கடிதத்தின் அடியில் எழுதியிருந்தார். அவரைத் திட்டாதீர்கள். இது மூச்சில் பரவும் நோய். மங்கு தடுக்காது, மாத்திரைக்குத்தான் அடங்கும்.

சனிக்கிழமை முதல் பஸ்ஸில் வருகிறேன். திங்கட்கிழமை இங்கே உங்களுக்கு எக்ஸ்ரே, பெயர் கொடுத்துவிட்டேன். உங்கள் வேலைக்கு லீவு கேட்டுத் தோட்டத்து மண்டோரிடம் நானே பேசிக்கொள்கிறேன். நெத்திலிச் சம்பல் கொஞ்சம் செய்து வையுங்கள். இங்கே சாப்பாட்டில் உறைப்பு இல்லை, பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடவும் ஆள் இல்லை.

மணி அடித்துவிட்டது, வார்டுக்கு ஓடுகிறேன். அஞ்சலை அக்கா, அம்மா வரமாட்டேன் என்றால் இந்தக் கடிதத்தை முதலிலிருந்து இன்னொரு தடவை வாசியுங்கள்.

தெய்வானை