நான் எழுதாத பதில்கள்

மாப்ள,

இன்று காலை கம்பெனியில் என் மேசைக்குப் புதுக் கணினி வந்தது. மெயிலைத் திறந்தேன். நாங்கள் அச்சடித்த காலண்டரில் தேதி மங்கலாக விழுந்திருக்கிறது என்று ஒரு கடைக்காரர் வருத்தப்பட்டு எழுதியிருந்தார். அதற்குக் கீழே மூன்று பதில்கள் தயாராக நின்றன. ‘நன்றி’, ‘மிக நல்லது’, ‘சரி, வருகிறேன்’. ஒன்றைத் தொட்டால் போதும், என் பேரில் போய்விடும். பழைய கணினியில் இதை நிறுத்தி வைத்திருந்தேன். புதியதில் அதுவாகவே வந்து உட்கார்ந்திருந்தது. சட்டென்று கையை இழுத்துக்கொண்டேன். “என்ன சார், ஷாக் அடிச்சிருச்சா?” என்று பக்கத்து மேசைக்காரர் கேட்டார். ஒன்றுமில்லை என்றேன். உன்னிடம் அப்படிச் சொல்ல முடியாது.

பள்ளிக்கூடத்தில் நீ கபடி பாடிப் போனால் மூச்சு விடாமல் பாடுவாய். அந்தத் தொண்டையில்தான் கட்டி வந்தது. மதுரையில் அறுவை முடிந்து நான் பார்க்க வந்தபோது, ஒரு காகிதத்தில் எழுதி நீட்டினாய்: “இனிமே உங்கூட எப்படிலே சண்டை போடுறது?” நான் சிரித்தேன். உன் போனை வாங்கி மெயில் கணக்குத் தொடங்கிக் கொடுத்தேன். வாட்ஸப் போதுமே என்று நீ சைகை காட்டினாய்.

“அதுல வேண்டாம் மாப்ள. ஆர்டர் குரூப்பே நூறு கிடக்கு. நீ போடுறது அடியில போயிரும். மெயில்ல போடு, தொலையாது.”

நீயும் அப்படியே செய்தாய். மானாவாரிக் காட்டில் மண்வெட்டி பிடித்த விரலால் ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தட்டி அனுப்பினாய். வாரத்துக்கு ஒன்று, சில வாரம் இரண்டு. ஆரம்பத்தில் எல்லாவற்றையும் படித்தேன். பதிலும் எழுதினேன். அது உனக்குத் தெரியும்.

இரண்டாம் வருடம் ஆடிப்பெருக்குக்குப் புது வருடக் காலண்டர்களின் மாதிரி ஆல்பம் வெளியானதும் சீசன் சூடு பிடித்தது. ஒரு நாளைக்கு இருநூறு, முந்நூறு மெயில். சாமி படம் மாற்று, கடைப் பெயரில் எழுத்துப்பிழை, லோடு எங்கே வருகிறது? முதலாளி ஒரு யோசனை சொன்னார்: வாடிக்கையாளர் மெயில் மட்டும் முதலில் வரட்டும், மற்றதெல்லாம் தனியாக ஒதுங்கட்டும். அப்படிச் செய்தேன். நீ மற்றதில் சேர்ந்தாய். எப்போதாவது அங்கே எட்டிப் பார்த்து, உன் முதல் வரியைக்கூட முழுதாகப் படிக்காமல், ஏதோ ஒரு பொத்தானைத் தொடுவேன். உனக்குப் பதில் போட்டாயிற்று என்று எனக்கும் நிம்மதியாக இருக்கும்.

கார்த்திகையில் நீ போய்விட்டாய். அடக்கத்துக்கு வந்து அழுதேன். குற்றம் செய்தவனாக அழவில்லை, சிநேகிதனாகத்தான் அழுதேன். அன்று எனக்கு எதுவும் தெரியாது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து சொந்தக்காரர்கள் கிளம்பிய பிறகு, உன் வீட்டுக்காரி என் முன்னால் வந்து உட்கார்ந்தது.

“அண்ணே, அவுக உங்களுக்கு எழுதுனதெல்லாம் உங்க போன்ல இருக்கும்ல?”

“இருக்கு தங்கச்சி.”

“எனக்குக் கொஞ்சம் படிச்சுக் காட்டுங்க. அவுக பேச்சக் கேட்டு ரெண்டு வருசமாச்சு. எனக்குப் படிக்கத் தெரியாது. கையைக் காட்டி, தலைய ஆட்டியே காலத்த ஓட்டிட்டோம்.”

அப்போதுதான் உறைத்தது. அந்த இரண்டு வருடத்தில் நீ பேசியதெல்லாம் என்னிடம்தான் இருந்தது. நானே அதை முழுதாகக் கேட்டிருக்கவில்லை.

படிக்க ஆரம்பித்தேன். புரட்டாசியில் எழுதியது: “மாப்ள, விதைச்சதையெல்லாம் மயில் கொத்திட்டுப் போகுது. முன்னால ஒரு அதட்டுப் போட்டா பறந்துரும். இப்ப தகரத்தத் தட்டுறேன். அதுக்குப் பழகிப் போச்சு, திரும்பி எம் மூஞ்சியப் பாக்குது.” தங்கச்சி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. பிறகு கேட்டது: “நீங்க என்ன எழுதுனீக?”

திரையில் ‘மிக நல்லது’ என்று இருந்தது.

“வலை கட்டிப் பாரு மாப்ள, நான் சிவகாசியில விசாரிச்சு வாங்கிட்டு வாரேன்னு எழுதுனேன்” என்றேன். அடுத்ததற்கும் அப்படியே ஒன்று சொன்னேன். மூன்றாவதற்குச் சொல்லும்போது தங்கச்சி தலையை அசைத்தது.

“அம்புட்டு இல்லண்ணே. நீங்க பதில் போட்டதும் அவுக ஓடி வந்து காட்டுவாக. எழுத்துத்தான் தெரியாது, எம்புட்டு நீளம்னு எனக்குத் தெரியும்ல? ரெண்டு சொல்லுதான் இருக்கும். இருக்குறதப் படிங்க.”

இருப்பதைப் படித்தேன். நன்றி. மிக நல்லது. நன்றி. நிமிர்ந்து பார்க்கவே முடியவில்லை. ஐப்பசி மெயில் வந்தது. தங்கச்சிக்கு முன்னால்தான் அதை முதல்முறையாக முழுதாகப் படித்தேன்.

“மாப்ள, மறுபடி வந்துருச்சு. இனி கத்தி வைக்க முடியாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. வீட்டுல இன்னும் சொல்லல. எப்படிச் சொல்றதுன்னு தெரியல. ஞாயித்துக்கிழமை வா. நீ பக்கத்துல இருந்தா சொல்லிருவேன்.”

கீழே என் பதில்: ‘சரி, வருகிறேன்.’

“அதுக்குத்தானா?” என்றது தங்கச்சி. “அன்னைக்குக் கறி எடுத்துட்டு வந்து குடுத்துட்டு, ஒம்பது மணிக்கே பஸ் ஸ்டாப்புக்குப் போயிட்டாக. ஒரு மணிக்குத்தான் திரும்புனாக. சாப்பிடல. எங்கிட்ட கடைசி வரைக்கும் சொல்லவே இல்ல. ஆஸ்பத்திரியில நர்சு சொல்லித்தான் தெரியும்.”

“அத நான் எழுதல தங்கச்சி. ஒரு பொத்தான் இருக்கும்…”

“உங்க பேருலதானண்ணே வந்துச்சு?”

கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டது. நான் தலையாட்டினேன். அடுத்த மெயிலையும் படித்தேன்: “வேலை இருந்திருக்கும். பரவால்ல மாப்ள.” அதற்கு ‘நன்றி’ என்று போயிருக்கிறது. மிச்சத்தையும் படித்து முடிக்கும்வரை தங்கச்சி எழுந்திருக்கவில்லை.

மறுநாளே அந்தப் பொத்தான்களை நிறுத்தினேன். மெயிலை இப்போது காலையில் ஒரு மணி நேரம், சாயங்காலம் ஒரு மணி நேரம்தான் திறக்கிறேன். கடைசி வரிவரை படித்து, நானே தட்டி எழுதுகிறேன். அவசரமென்றால் போனில் கூப்பிடுங்கள் என்று எல்லோருக்கும் சொல்லிவிட்டேன். சில வாடிக்கையாளர்கள் கோபித்துக்கொண்டார்கள், முதலாளியும்தான். போன மாதம் வலை வாங்கிக்கொண்டு போய் உன் காட்டில் கட்டிக் கொடுத்தேன். தங்கச்சி சோறு போட்டது. சாப்பிட்டேன். இதையெல்லாம் எழுதுவது கணக்கைச் சரிக்கட்ட இல்லை. அது சரியாகாது.

உன்னிடம் சொல்ல இன்னொன்று இருக்கிறது. அந்த ஞாயிற்றுக்கிழமை ஒன்பதிலிருந்து ஒரு மணி வரை நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று பின்னால், அனுப்பிய மெயில்களில் தேடிப் பார்த்தேன். கம்பெனிக்கு லீவு. வீட்டில் கட்டிலில் படுத்தபடி, குவிந்து கிடந்த மெயிலைக் குறைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். நாற்பத்தொரு பதில் போயிருக்கிறது. அதில் யாருக்கு என்ன எழுதினேன் என்று ஒன்றுகூட எனக்கு ஞாபகமில்லை, மாப்ள.