மேடு ஏறும் வண்டி

பிப்ரவரி 4

பாப்பா அப்பாவுக்கு,

நானும் பாப்பாவும் நன்றாக இருக்கிறோம். உங்கள் முதுகுவலி எப்படி இருக்கிறது? போன கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. எழுதவில்லை என்றாலே வலிக்கிறது என்று எனக்குத் தெரியாதா?

சலவைக்கூடத்தில் ஒரு கூத்து. ஆஸ்பத்திரிக்குத் துணி ஏற்றிப் போகும் வாடகை வண்டிக்காரர், விடியற்காலையில் அதே வண்டியில் மீன் ஏற்றுகிறாராம். திங்கட்கிழமை மேட்ரன் நாற்பது படுக்கை விரிப்புகளைத் திருப்பி அனுப்பிவிட்டார். "இது நோயாளிக்கு விரிப்பாம்மா, மீனுக்கு விரிப்பா?" என்று எல்லார் முன்னாலும் கேட்டார். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. இன்னொரு தடவை இப்படி ஆனால் வேலை வேறு கூடத்துக்குப் போய்விடும். பதினோரு பெண்கள் இதை நம்பித்தான் இருக்கிறோம்.

அதனால் சொந்தமாக ஒரு பழைய பிக்கப் வாங்கலாம் என்று முடிவு செய்திருக்கிறோம். ஓட்டப்போவது நான்! உரிமம் வாங்கி ஒரு மாதம் ஆகிறது. உங்களிடம் நேரில் சொல்லலாம் என்று வைத்திருந்தேன், வாய் தாங்கவில்லை. ஆஸ்பத்திரி மேட்டின் செங்குத்து உங்களுக்குத் தெரியும். எண்ணூறு கிலோவோடு ஏற வேண்டும், டீசலையும் குடித்துத் தீர்க்கக் கூடாது. எதைப் பார்த்து வாங்குவது?

வண்டியைப் பற்றிக் கேட்க எனக்கு ஒருவன் இருந்தான். பிரேக் வேலையை அரைகுறையாக முடித்துவிட்டு, "எடுத்துட்டுப் போங்க மாமா" என்று உங்கள் கையில் சாவியைக் கொடுத்த என் தம்பி. பஸ் நிறுத்தத்தில் நின்ற தையல்காரம்மாவின் உயிரும் போய், உங்களுக்கு ஐந்து வருடம் ஜெயிலும் ஆனது அவனால்தான். அவனுடைய ஒரு வருடம் முடிந்து, வெளியே வந்து எட்டு மாதம் ஆகிறதாம். அவன் இருக்கும் திசைக்கே நான் போகமாட்டேன். நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

உங்கள்
குருவி


பிப்ரவரி 13

என் குருவிக்கு,

நீ ஸ்டீயரிங் பிடிக்கிறாய் என்று படித்ததும் சத்தமாகச் சிரித்துவிட்டேன். காவலர் வந்து எட்டிப் பார்த்தார். முதுகு பரவாயில்லை. இல்லை, பொய். குளிரில் வலிக்கிறது. போகட்டும்.

எங்கள் அறையில் ஒன்பது பேர். உன் வண்டிக்காக இரண்டு நாள் வழக்கு நடந்தது. பஸ் ஓட்டிய பெரியவர் ஒருவர் சின்ன இன்ஜின்தான் சிக்கனம் என்கிறார். நான் ஒப்புக்கொள்ளவில்லை. சமதளத்தில் அது சரி. உன் மேட்டில் சின்ன இன்ஜின் இரண்டாவது கியரில் அலறிக்கொண்டே ஏறும், அலறும்போதெல்லாம் டீசல் குடிக்கும். இரண்டரை லிட்டர் டர்போ டீசலாகப் பார். மூன்றாவது கியரில் முனகாமல் ஏறும். கணக்குப் பார்த்தால் லிட்டருக்குப் பன்னிரண்டு வரும். இழுவை இருக்கிற இன்ஜினுக்கு மேட்டில் வேலை குறைவு. அதனால்தான் அது குறைவாகக் குடிக்கிறது.

பார்க்கப் போகும்போது சொல்லாமல் போ. முதலில் பானெட்டில் கை வைத்துப் பார். சூடாக இருந்தால் உனக்கு முன்னாலேயே ஸ்டார்ட் செய்து வைத்திருக்கிறார்கள், குளிரில் எடுக்காத வண்டி. நீலப் புகை வந்தால் ஆயிலை எரிக்கிறது. ஆயில் மூடியைத் திறந்து பார்க்கும்போது அடியில் பால் கலந்த டீ மாதிரி இருந்தால் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடு. மீட்டரில் எண்ணைக் குறைத்து வைக்க ஆள் இருக்கிறான், பெடல் ரப்பரின் தேய்மானத்தை யாராலும் குறைக்க முடியாது. படுத்து அடியில் பார். வெட்கப்படாதே. புடவை அழுக்கானால் சலவைக்கூடம் எதற்கு இருக்கிறது?

பாப்பாவுக்கு என் முத்தம்.

உன்னவன்


மார்ச் 2

பாப்பா அப்பாவுக்கு,

நீங்கள் சொன்னபடி படுத்துப் பார்த்தேன். தரகர் பதறிப்போய், "எந்திரிங்கம்மா, நாலு பேர் பாக்குறாங்க" என்றார். "நாலு பேரா வாங்கப் போறாங்க? நான்தானே வாங்கப் போறேன்" என்றேன். கூட வந்த இஸ்திரிக்காரம்மா சிரித்துச் சிரித்து அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

மூன்று வண்டி பார்த்தோம். வெள்ளை வண்டி பார்க்க மணப்பெண் மாதிரி இருக்கிறது, சின்ன இன்ஜின். பாதி மேட்டில் மூச்சு வாங்கியது, விட்டுவிட்டேன். சாம்பல் நிற வண்டி ஒரு நாற்றுப்பண்ணைக்காரருடையது. பெயிண்ட் உரிந்து பார்க்க அழுகை வருகிறது, ஆனால் நீங்கள் சொன்ன அதே இன்ஜின். மண்மூட்டையோடு இன்னும் ஓட்டிப் பார்க்கவில்லை. நீல வண்டிதான் எல்லாருக்கும் பிடித்துவிட்டது. இழுவை என்றால் அப்படி ஓர் இழுவை! புகை இல்லை, ஆயில் சுத்தம்.

ஒரே ஒரு விஷயம். பிரேக் பெடல் கொஞ்சம் பஞ்சு மாதிரி அமுங்குகிறது. இரண்டாவது தடவை மிதித்தால் நன்றாகப் பிடிக்கிறது. தரகர், "அது ஒண்ணுமில்லம்மா, ஓட்ட ஓட்ட செட் ஆயிடும்" என்கிறார். வெள்ளிக்கிழமைகளில் பாப்பாவும் பக்கத்தில் உட்கார்ந்து வருவாள். உங்களுக்கு அன்று பெடல் திடீரென்று தரைக்குப் போனதாகக் கோர்ட்டில் சொன்னீர்கள். அந்த நாளை நினைவுபடுத்துவதற்கு மன்னியுங்கள். எனக்குப் பயமாக இருக்கிறது. பிரேக்கைப் பற்றி ஒன்று விடாமல் எழுதுங்கள்.

உங்கள்
குருவி


மார்ச் 11

குருவி,

நீல வண்டியைத் தொடாதே. இந்தக் கடிதம் கிடைப்பதற்குள் முன்பணம் கொடுத்திருந்தால் அது போகட்டும், வண்டியை எடுக்காதே.

ஓட ஓடச் சரியாகும் பிரேக் என்று உலகத்தில் ஒன்று கிடையாது. ஓட ஓடச் சாகும், அவ்வளவுதான். பிரேக் திடீரென்று போகாது. ஒரு வாரம், பத்து நாள் முன்னாலிருந்தே சொல்லிக்கொண்டே இருக்கும். முதலில் பெடல் ஒரு விரல் கீழே போகும். பிறகு இரண்டு தடவை மிதித்தால்தான் பிடிக்கும். பிரேக் ஆயில் டப்பாவில் அளவு இறங்கும், நாம் ஊற்றுவோம், மறுபடி இறங்கும். பின்சக்கரத்தின் உள்பக்கம் ஈரமாக இருக்கும். கையில் தொட்டால் வழுக்கும். இதில் ஒன்று இருந்தாலும் வண்டியை அங்கேயே நிறுத்திவிட வேண்டும். பாதியில் கழற்றிய வேலையை நாமே பூட்டிக்கொண்டு போகக் கூடாது. ஒரு நடைதானே, இறக்கத்தில் இரண்டாவது கியரில் மெதுவாகப் போய்விடலாம் என்று தோன்றும். தோன்றவே கூடாது. சுமையோடு இறங்கும் வண்டியைக் கியர் மட்டும் பிடித்து நிறுத்தாது.

பாப்பாவை அதில் ஏற்றாதே. என் மேல் ஆணை.

உன்னவன்


மார்ச் 24

பாப்பா அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தை நான்கு தடவை படித்தேன். நீல வண்டியை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அதற்கு நன்றி.

ஐந்தாவது தடவை படிக்கும்போது கை நின்றுவிட்டது. பத்து நாள் முன்னாலிருந்தே சொல்லும் என்று எழுதியிருக்கிறீர்கள். கோர்ட்டில் திடீரென்று போனதாகச் சொன்னீர்கள். விபத்துக்கு முந்தின வாரம் சாப்பிடும்போது, "பிரேக் ரெண்டு மிதி கேக்குது" என்று நீங்கள் சொன்னது எனக்கு நினைவிருக்கிறது. அன்றைக்கு அது என் காதில் விழுந்தது, மண்டையில் ஏறவில்லை. பாதியில் கழற்றிய வேலையை நாமே பூட்டிக்கொண்டு போகக் கூடாது என்று ஏன் எழுதினீர்கள்? நான் அதைக் கேட்கவே இல்லையே.

ஞாயிற்றுக்கிழமை தம்பியைத் தேடிப் போனேன். இரண்டு பஸ் மாறிப் போக வேண்டும். ஐஸ் ஆலையில் கொக்கி போட்டுப் பனிக்கட்டிகளை இழுக்கிறான். விரல் நுனியெல்லாம் வெடித்திருக்கிறது. ஸ்பேனர் பிடித்து மூன்று வருடம் ஆகிறதாம். என்னைப் பார்த்ததும் கொக்கியைக் கீழே வைத்தான். திட்டுவான் என்று நினைத்தேன். "பாப்பா வளந்துட்டாளா அக்கா?" என்று கேட்டான்.

வழக்கு நடந்தபோது ஒருநாள் மழையில் நம் வீட்டு வாசலுக்கு வந்து, "நான் வண்டியைக் குடுக்கலக்கா, மாமாவே எடுத்துட்டுப் போனார்" என்று சொன்னான். "இனிமே என் வாசப்படி மிதிக்காதே" என்று கதவைச் சாத்தினேன். தாழ்ப்பாள் போட்டது இந்தக் கைதான்.

ஆலையில் அவனை மறுபடி சொல்லச் சொல்லிக் கேட்டேன். "அப்பவே சொன்னேன்கா. திரும்பத் திரும்ப அதையே சொல்ல எனக்குத் தெம்பில்ல" என்றான்.

அதனால் உங்களைக் கேட்கிறேன். அவன் வண்டியைக் கொடுத்தானா, நீங்கள் எடுத்தீர்களா? ஆம், இல்லை என்று எழுதினால் போதும்.

குருவி


ஏப்ரல் 9, ஞாயிறு

என் குருவிக்கு,

ஞாயிற்றுக்கிழமை வரும் அதிகாரி கடிதங்களைப் படிக்காமலே முத்திரை குத்துவார். அதனால் இன்று வரை காத்திருந்தேன்.

நான்தான் எடுத்தேன்.

மாப்பிள்ளை பின்சக்கரத்தைக் கழற்றிப் பார்த்துவிட்டு, "பிரேக் சிலிண்டர் சீல் போயிருக்கு மாமா, நாளைக்குத்தான் சாமான் வரும். வண்டியை அசைக்காதீங்க" என்றான். சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனான். சிமெண்ட் கடைக்காரர் மதியத்துக்குள் லோடு வந்து சேராவிட்டால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார். சக்கரத்தை நானே மாட்டினேன். டப்பாவில் ஆயில் ஊற்றினேன். ஒரு நடைதானே என்று நினைத்தேன். ஏழு வருடமாக ஓட்டிய இறக்கம். அந்த அம்மா கையில் துணிப்பையோடு நின்றது இப்போதும் கண்ணில் இருக்கிறது. ஹாரன் அடித்தேன். அவர் திரும்பிப் பார்த்தாரே தவிர நகரவில்லை.

தெரிந்தே ஓட்டினேன் என்றால் எட்டு, பத்து வருடம் ஆகும், மெக்கானிக் கொடுத்தார் என்றால் பாதியாகும் என்று வக்கீல் சொன்னார். மாப்பிள்ளை தனிக்கட்டை, எனக்கு நீயும் பாப்பாவும் இருக்கிறீர்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கோர்ட்டில் எதிரே நின்று அவன் என்னை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தான். நான் நீதிபதியின் மேஜையைப் பார்த்துப் பேசினேன்.

உங்களை விட்டு இன்னும் அதிக நாள் இருக்க முடியாது என்றுதான் செய்தேன். வெளியே வந்ததும் அவன் காலில் விழுகிறேன். இதைப் படித்ததும் கிழித்துப் போட்டுவிடு. இன்னும் மூன்று வருடம்தான், குருவி. அதுவரை பொறுத்துக்கொள்.

உன்னவன்


மே 6

உங்களுக்கு,

சாம்பல் நிற வண்டியை வாங்கிவிட்டோம். மண்மூட்டை ஏற்றி மேட்டில் ஓட்டிப் பார்த்தேன், மூன்றாவது கியரில் ஏறியது. பின்சக்கரங்களைக் கழற்றச் சொல்லி உள்பக்கத்தைக் கையால் தொட்டுப் பார்த்த பிறகுதான் கையெழுத்துப் போட்டேன். நீங்கள் சொன்னதில் எதுவும் தப்பில்லை.

உங்கள் கடிதத்தை நான் கிழிக்கவில்லை.

முதலில் தம்பியிடம் கொடுத்தேன். இரண்டு வாரம் சட்டைப்பையில் வைத்திருந்து திருப்பிக் கொடுத்தான். "இதை வெச்சுக்கிட்டு நான் என்ன பண்ணப்போறேன்? அவருக்கு இன்னும் அஞ்சு வருஷம் சேத்துப் போட்டா என் மெக்கானிக் ஷெட்டு திறந்துடுமா?" என்றான். அவன் காலில் நான் விழப் போனேன். பின்னால் நகர்ந்துகொண்டான். நம் வீட்டுக்குக் கூப்பிட்டேன். வரேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை.

அவன் பெரிய மனதுக்காரன். எனக்கு அந்த மனது வரவில்லை. தையல்காரம்மாவின் வீட்டுக்குப் போனேன். அவருடைய கணவர் தபால் ஆபீஸில் எழுத்தர். நான் யார் என்று சொன்னதும் கதவைச் சாத்தவில்லை. நான் என் தம்பிக்குச் செய்தது நினைவுக்கு வந்தது. இரண்டு கடிதங்களையும் கொடுத்தேன், பிரேக்கைப் பற்றி எழுதியதையும், நான்தான் எடுத்தேன் என்று எழுதியதையும். நின்றபடியே படித்தார்.

"பத்து நாளா தெரியுமா?" என்று கேட்டார்.

"தெரிஞ்சிருக்கு" என்றேன்.

கடிதங்களை மடித்துக் கையிலேயே வைத்துக்கொண்டார். பிறகு சொன்னார்: "அவ எப்பவும் முந்தின பஸ்ல போறவ. அன்னிக்கு என் சட்டைக்குப் பித்தான் தைச்சுக் குடுத்துட்டுப் போன்னு நான்தான் நிறுத்தினேன். மூணு வருஷமா, நான்தான் அவளைக் கொன்னுட்டேன்னு நினைச்சுக்கிட்டிருந்தேன்மா."

அதற்குப் பிறகு என்னை உட்காரச் சொன்னார். நான் உட்காரவில்லை.

கடிதங்கள் அவரிடம்தான் இருக்கின்றன. வக்கீலிடம் காட்டிவிட்டார். உங்களிடம் விசாரிக்க வருவார்கள். கேட்பவர் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்லுங்கள்.

பாப்பாவிடம் நானே உட்காரவைத்துச் சொல்லிவிட்டேன். "அப்ப மாமா எதுக்கு ஜெயிலுக்குப் போனாங்க?" என்று மட்டும் கேட்டாள். அதற்கும் பதில் சொன்னேன். உங்களுக்கு எழுதுவதும் எழுதாததும் அவள் விருப்பம், நான் தடுக்கமாட்டேன். குளிருக்கு ஒரு கம்பளியும் முதுகுக்குத் தைலமும் தனிப் பார்சலில் அனுப்பியிருக்கிறேன்.

இனி என்னிடமிருந்து கடிதம் வராது.