மூன்றாவது ஓட்டை

"கை நடுங்கறது. பெல்ட்டுல மூணு ஓட்டை போட்டுத் தரப்படாதா? தோலைத் தொட்டா மடி போயிடுமோ? என்னைவிட மடிதான் பெருசு உனக்கு!" என்று கத்திவிட்டு, ஜுரத்தில் பாதியாய் இளைத்திருந்த விஸ்வேஸ்வரன் கோயிலுக்குப் போய்விட்டார். அவர் மனைவி பாகீரதி, பசுமலையில் அக்கா பெண்ணின் வளைகாப்புக்குக் கிளம்புமுன் அந்த பெல்ட்டின்மேல் ஒரு சீட்டு வைத்தாள்:

"ஆணியை இஸ்திரிப் பெட்டிக் கரியில் பழுக்கக் காய்ச்சி, தோலை நானே பிடித்து இரண்டு ஓட்டை போட்டுவிட்டேன். இனி கால்சட்டை நழுவாது, ஆபீசுக்குப் போகலாம். தலைக்குக் குளித்துவிட்டுத்தான் ரசம் வைத்தேன், தைரியமாகச் சாப்பிடுங்கள். சாவியை அடுத்தாத்து விஜயத்திடம் கொடுங்கள்."

அடியில் இடமில்லாமல் நுணுக்கி எழுதினாள்:

"எதற்கும் இருக்கட்டும் என்று மூன்றாவது ஓட்டையும் கேட்டீர்கள். போடவில்லை. இதற்குமேல் இளைக்க நான் விட்டால்தானே!"