டாக்டர் யாரைக் கூப்பிடுகிறார்

ஜூன் 2

குட்டி,

நலமா என்றால் 'ம்' என்பாய், அதனால் கேட்கவில்லை. போனில் உன்னை நச்சரிக்காமல் கடிதம் எழுதி, பதில் வரும்வரை பொறுத்திருக்கச் சொன்னவர் நம் மனநல டாக்டர்தான். எனக்கு மட்டும் இப்படி ஆயிரம் சட்டம்.

நீ இரண்டு வாரம் அவரிடம் போகாததால் அவரே உனக்குப் போன் செய்தார் என்றாயே, அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. போன வெள்ளி நான் அவரை மூன்று தடவை கூப்பிட்டேன், எடுக்கவில்லை. "புதன் நாலு மணிக்கு உங்களுக்காகக் காத்திருப்பேன், அதுவரைக்கும் உங்களால தாங்க முடியும்" என்று ஒரு மெசேஜ், அவ்வளவுதான். இரண்டு பேருக்கும் அதே மனச்சோர்வு, அதே மாத்திரை. அவரைத் தேடிப் பிடித்தவளும் உன்னை இழுத்துப் போனவளும் நான். அப்பாவுக்கும் நீதான் செல்லம். வயிறு எரிகிறது, சொல்லிவிட்டேன்.

நீ வேறு டாக்டரைப் பாரேன்.

அக்கா

ஜூன் 7

அன்புள்ள அக்கா,

கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கும் மேஜையிலேயே படித்தேன். டாக்டர் என் மனசைப் பற்றிக் கேட்பதே இல்லை, லென்ஸைப் பற்றித்தான் கேட்பார். என் நாற்காலியைக் கதவோரம் போட்டுவைப்பார். யாராவது நெருங்கினால் நான் நழுவிவிடுவேன், அதனால் தேடி வருகிறார். எல்லோரும் விட்டுப் போய்விடுவார்கள் என்று உனக்குப் பயம், அதனால் சொன்ன நேரம் தவறாமல் இருக்கிறார். அவர் முன்னால் உட்கார்ந்ததுமே அழுதுவிடுவேன் என்று நீதானே சொன்னாய்? எட்டு மாதமாக எனக்கு ஒரு சொட்டு வரவில்லை. எனக்கும் உன்மேல் பொறாமைதான்.

சரி, அவரை நீயே வைத்துக்கொள். போவதை நிறுத்திவிட்டேன். போன் வந்தது, எடுக்கவில்லை. மாத்திரையும் வேண்டாம். தனியாகச் சமாளிப்பேன். பதில் எழுதாதே.

குட்டி

ஜூன் 11

குட்டி,

படித்ததும் அரை நிமிடம் சந்தோஷப்பட்டேன். சீ என்றிருக்கிறது. 'தனியாகச் சமாளிப்பேன்' என்று போன வருஷமும் சொல்லிவிட்டு, பதினோரு நாள் கதவைத் திறக்காமல் கிடந்தவள் நீ.

இன்று நாலு மணிக்கு அவரிடம் உன் பேச்சையே பேசினேன். உன்னைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை. "தங்கச்சிகிட்ட நீங்க எப்படிப் போவீங்க?" என்று மட்டும் கேட்டார். வழக்கமாக எப்படிப் போவேன்? கதவை உடைக்கிற மாதிரிதான்.

உன் வீட்டுப் படியில் உட்கார்ந்து எழுதுகிறேன். உள்ளே நீ பாத்திரம் கழுவுவது கேட்கிறது. தட்டப் போவதில்லை. கதவிடுக்கில் செருகிவிட்டுக் கீழே டீக்கடையில் இருப்பேன்.

மாத்திரையைப் போடு. அவர் கூப்பிட்டால் எடு. எடுத்தால் என்னிடம் சொல்லாதே, அதைத் தாங்கும் அளவுக்கு எனக்கு இன்னும் குணமாகவில்லை.

அக்கா